குற்றமா, பேரிடரா, ஊரா: ஆய்வுக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

முதுகலை இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் என்னைப் பார்க்க வரும் சமூகவியல் மாணவர்களில் பாதிப் பேர் கேள்வியோடு வருவதில்லை, ஒரு சொல்லோடு வருகிறார்கள். "குற்றம் பற்றிச் செய்யலாம் என்றிருக்கிறேன் ஐயா" என்பார் ஒருவர். அடுத்தவர் பேரிடர் என்பார். மூன்றாமவர் கொஞ்சம் கூச்சத்தோடு, "எங்கள் ஊரைப் பற்றியே எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா?" என்று கேட்பார். முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடைப்பட்ட எம்.பில். ஆய்வுப் படிப்பு இருந்தவரை இந்தத் தடுமாற்றத்தைத் தீர்த்துக்கொள்ள நடுவில் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு அதை நிறுத்திவிட்டது. இப்போது முதுகலை ஆய்வேட்டுக்கு எடுத்த தலைப்பே பலருக்கு முனைவர் பட்டம்வரை கூடவே வருகிறது. சம்பந்தம் பேசுவதற்கு முன் நாலு இடத்தில் விசாரிப்பதுபோல் இதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

எதில் வேலை கிடைக்கும் என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். குற்றவியலுக்குத் திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தனித்துறை இருக்கிறது. பேரிடர் ஆய்வுக்கு மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. ஊர் ஆய்வுக்கு அப்படிப் பெயர்ப்பலகை வைத்த இடம் குறைவு, ஆனால் எந்தத் துறையிலும் அதற்கு ஒரு நாற்காலி கிடைக்கும். வேலையைப் பொறுத்தவரை இவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. என்னைக் கேட்டால் விசாரிக்க வேண்டியது வேறு: யார் உங்களிடம் பேசுவார், பேசியதால் அவருக்கு என்ன ஆகும்?

குற்றத்திலிருந்து தொடங்குகிறேன். கவர்ச்சி அதற்குத்தான் அதிகம், மாணவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வதும் அதில்தான்.

குற்றத்தை எடுக்கும் மாணவர் முதலில் போய் விழுவது எண்களில். இந்தியக் குற்றப் புள்ளிவிவர ஆண்டறிக்கை 1953-ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கிறது. 1986-இல் தொடங்கப்பட்ட தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இப்போது அதைத் தொகுக்கிறது. இலவசம், இணையத்திலேயே இருக்கிறது. ஒரே வாரத்தில் இருபது அட்டவணை போட்டுவிடலாம். அந்த அட்டவணைகள் எதைச் சொல்கின்றன என்பதில்தான் சிக்கல். ஒரு பெண் மனுவோடு காவல் நிலையத்துக்குப் போகிறார். மனுவை வாங்கிக்கொண்டு, மனு வந்தது என்பதற்கு மட்டும் சான்றான சி.எஸ்.ஆர். ரசீது கொடுக்கிறார்கள். இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தால் அது அங்கேயே முடிந்தது. முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் அது எண்ணாகும். பதிவானாலும் ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால், தண்டனை அதிகமுள்ள ஒன்று மட்டுமே கணக்கில் ஏறும். திருட வந்தவன் கொலையும் செய்துவிட்டால் ஆண்டறிக்கையில் கொலை இருக்கும், திருட்டு இருக்காது.

தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் 1992-இல் தொடங்கின. ஒரு வட்டாரத்தில் அப்படியொரு நிலையம் திறந்த பிறகு பெண்களுக்கு எதிரான வழக்குகளின் எண்ணிக்கை கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கொடுமை கூடியது என்று எழுதுவீர்களா, கொடுமையைச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது என்று எழுதுவீர்களா? ஆண்டறிக்கையை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. காவல் நிலையம் எப்படிப் பதிவு செய்கிறது என்று ஆராய அந்த எண்கள் அருமையான பொருள். குற்றம் ஏன் நடக்கிறது என்று ஆராய அவை போதாது. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் எழுதப்பட்ட ஆய்வேடுகள் நூலக அலமாரிகளில் எத்தனையோ தூங்குகின்றன.

எண் வேண்டாம், நேரில் போய்ப் பேசுகிறேன் என்பவருக்கு வேறு ஆபத்து. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரிக் ஸ்கார்ஸ் என்ற சமூகவியல் ஆய்வு மாணவர் தீவிர விலங்குரிமை இயக்கத்தவர்களிடம் பேட்டி எடுத்திருந்தார். ஒரு வழக்கில் அவர்கள் சொன்னதைச் சொல்லும்படி நீதிமன்றம் கேட்டது. சொல்ல மாட்டேன் என்றார். 1993-இல் 159 நாட்கள் சிறையில் இருந்தார். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருக்கிறதாக நாம் நினைக்கும் ரகசியக் காப்பு ஆய்வாளருக்கு அங்கும் உறுதியாக இல்லை, இங்கும் இல்லை. நம் ஊரில் ரவுடிகளைப் பேட்டி எடுக்கப் போனால்தான் இந்தப் பிரச்சினை வரும் என்று நினைக்காதீர்கள். குடும்பம் பற்றிச் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே பதினாறு வயதுப் பெண் கர்ப்பமாக இருப்பது தெரியவரும். சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, அப்படித் தெரிந்துகொண்ட யாரும் தகவல் கொடுக்க வேண்டும் என்கிறது. "நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது" என்று ஒப்புதல் படிவத்தில் அச்சடித்துக் கொண்டுபோன மாணவர் அப்போது என்ன செய்வார்? படிவத்தை மாற்றி எழுத வேண்டியது களத்துக்குப் போகும் முன்பு.

இதற்கு மேல் குற்ற ஆய்வுக்கு நம் மண்ணில் ஒரு பழைய கறை இருக்கிறது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் சாதிகளையே பிறவிக் குற்றவாளிகளாகப் பட்டியலிட்டது. அந்தச் சட்டத்தின்படி கைரேகை எடுப்பதை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சட்டம் போய்விட்டது, அதன் சிந்தனை முறை போகவில்லை. "இந்தப் பிரிவினரிடையே குற்றப் போக்கு" என்ற பாணியில் தலைப்புகள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன. நான் கையெழுத்துப் போடுவதில்லை. அதைவிட நல்ல மறுப்பை சிகாகோவில் சமூகவியலாளர்கள் கிளிஃபர்ட் ஷாவும் ஹென்றி மெக்கேயும் எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்துவிட்டார்கள். சிறார் குற்ற வழக்குகளை ஊர் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியில் முதலில் ஒரு நாட்டுக் குடியேறிகள் இருந்தார்கள். அவர்கள் வசதி வந்ததும் வெளியேறினார்கள், வேறு நாட்டினர் வந்தார்கள். ஆட்கள் மாறியும் புள்ளிகள் அதே தெருக்களில் இருந்தன. வெளியேறிய குடும்பங்களோடு குற்றம் வெளியேறிப் போகவில்லை. "அவர்களே அப்படித்தான்" என்ற வாதம் அந்த வரைபடத்தின் முன் நிற்காது.

அந்த மரபின் பிற்காலத் தொடர்ச்சிதான் ராபர்ட் சாம்ப்சனும் கூட்டாளிகளும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு. சிகாகோவை 343 பகுதிகளாகப் பிரித்து 8,782 பேரிடம் கேட்டார்கள். கேட்ட கேள்விகளில் ஒன்று நமக்குப் பழக்கமானது. பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் பையன்கள் நின்றால் அக்கம்பக்கத்தார் தட்டிக்கேட்பார்களா? ஒருவரையொருவர் நம்பி, தேவைப்பட்டால் குறுக்கிடவும் செய்கிற அக்கம்பக்கம் உள்ள பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. வறுமை முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படியே.

இந்தக் கேள்வித்தாளை அப்படியே மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு மதுரைப் பக்கம் போக ஆசைப்படுபவர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் தெருவில் தட்டிக்கேட்பார்கள், யார் வீட்டுப் பையன் என்று பார்த்துக் கேட்பார்கள். வேறு சாதிப் பையனோடு பேசிக்கொண்டு நிற்கும் பெண்ணைத் தட்டிக்கேட்பதில் நம் ஊர்களுக்கு இருக்கும் ஒற்றுமையைச் சிகாகோவில் எங்கும் பார்க்க முடியாது. ஆணவக் கொலை நடக்கும் ஊரில் அக்கம்பக்கத்துக் கட்டுப்பாடு பலவீனமாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. சிகாகோவில் குற்றத்தைக் குறைத்த அதே தட்டிக்கேட்டல் இங்கே சில சமயம் குற்றத்தையே செய்கிறது. யாராவது இதை ஒழுங்காக அளந்து எழுதினால் அது நல்ல முனைவர் பட்டம். நான்கு மாத முதுகலை வேலைக்கு அடங்காது.

அப்படியானால் முதுகலையில் குற்றமே கூடாதா? ஒரு வழி இருக்கிறது. நீதிமன்றம் பொதுவாகத் திறந்த இடம். வாய்தாவுக்கு வந்து வேப்பமரத்தடியில் நாள் முழுக்கக் காத்திருக்கும் குடும்பங்களைப் பாருங்கள், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்த அம்மாவிடம் பேசுங்கள். தீர்ப்புகளையும் படிக்கலாம். சிறைக்குள் போக அனுமதி கேட்டு எழுதினால், பதில் வரும்போது உங்கள் படிப்பு முடிந்திருக்கக்கூடும்.

பேரிடர் எனக்குப் பிடித்த பக்கம், மறைப்பதற்கில்லை.

இந்தத் துறையின் பிறப்பே ஒரு பாதிரியாரிடம்தான். 1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிவந்த மோன்பிளாங்க் கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி வெடித்தது. நகரத்தின் ஒரு பகுதியே அழிந்தது. அங்கே ஊழியம் செய்துகொண்டிருந்த சாமுவேல் ஹென்றி பிரின்ஸ், தன் ஊர் சிதைந்ததையும் மீண்டும் எழுந்ததையும் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடாக எழுதினார். 1920-இல் அது வெளிவந்தது. "எங்கள் ஊரைப் பற்றி எழுதலாமா" என்று கேட்கும் மாணவருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இவருடையது. 1963-இல் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் குவாரன்டெல்லி, டைன்ஸ், ஹாஸ் மூவரும் பேரிடர் ஆய்வு மையத்தைத் தொடங்கினார்கள். 1985 முதல் அது டெலவேர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. புயலும் வெள்ளமும் நிலநடுக்கமும் வந்த இடங்களுக்கெல்லாம் ஆட்களை அனுப்பி அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இது: பேரிடரில் மக்கள் பொதுவாகப் பீதியடைந்து ஓடுவதில்லை, கொள்ளையடிப்பதும் அரிது. முதலில் காப்பாற்றுவது பக்கத்து வீட்டுக்காரர்தான்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மீனவர்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் இந்த உண்மையைத் தெரிந்துகொள்ளாத அரசாங்கம் என்ன செய்யும் என்பதை 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் தாக்கிய நியூ ஆர்லியன்ஸில் பார்க்கலாம். கொலை, கொள்ளை என்று வதந்திகள் பறந்தன. பெரும்பாலானவை பின்னால் மிகைப்படுத்தல் என்று தெரிந்தது. அதற்குள் காவலர்கள் மீட்புப் பணியிலிருந்து சட்டம்-ஒழுங்குப் பணிக்குத் திருப்பப்பட்டிருந்தார்கள். செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில் ஆயுதமில்லாத மக்கள் மீது காவலர்கள் சுட்டதில் இருவர் இறந்தார்கள், நால்வர் காயமடைந்தார்கள். குற்ற ஆய்வும் பேரிடர் ஆய்வும் தனித்தனி அறைகள் என்று நினைப்பவர்கள் அந்தப் பாலத்தை எந்த அறையில் வைப்பார்கள்?

பேரிடரை எடுக்கும் மாணவருக்கு இருக்கும் பெரிய வசதி, பேசுபவர் குற்றம் சாட்டப்பட்டவர் அல்ல என்பது. அவருக்கு ஒளிக்க அதிகம் இல்லை, சொல்ல நிறைய இருக்கிறது. எழுத்துச் சான்றும் ஏராளம். அரசாணை, நிவாரணப் பட்டியல், நாளிதழ், உயர் நீதிமன்ற வழக்கு என்று ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்கலாம். நிவாரணப் பட்டியலைப் போல ஓர் ஊரின் உள்ளமைப்பைக் காட்டும் ஆவணம் எனக்குத் தெரிந்து வேறில்லை. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் கடற்கரையில் நடந்ததைப் பாருங்கள். மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்திருந்தார்கள். மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவானது. ஊர் வரி கட்டும் தலைக்கட்டுகளின், அதாவது குடும்பங்களின், கணக்கு அவர்களிடம் தயாராக இருந்தது. தொண்டு நிறுவனங்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பட்டியல் கைமாறியது, உதவி வேகமாக வந்தது. இந்த ஊர்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் டேனியல் ஆல்ட்ரிச், பஞ்சாயத்து வலுவாக இருந்த ஊர்கள் உதவியைப் பெறுவதில் முந்தின என்று கண்டார். கூடவே இன்னொன்றையும் கண்டார். அந்தக் கணக்கில் வராதவர்கள், அதாவது தலித்துகள், விதவைகள், மீனவர் அல்லாதார், பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். ஒற்றுமை மிகுந்த ஊர் என்றால் ஒற்றுமைக்கு வெளியே நிற்பவருக்கு அது இன்னும் உயரமான மதில். (ஆல்ட்ரிச் நியூ ஆர்லியன்ஸில் குடியேறிய சில வாரங்களில் கத்ரீனா அவர் வீட்டை மூழ்கடித்தது. அவர் ஏன் இந்தத் துறைக்கு வந்தார் என்று விளக்க வேண்டியதில்லை.)

பேரிடர் என்றால் இடிபாடு மட்டும்தான் கண்ணில் பட வேண்டும் என்பதில்லை. 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெப்ப அலையில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்தார்கள். சமூகவியலாளர் எரிக் கிளினன்பெர்க் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ஏழைப் பகுதிகளை ஒப்பிட்டார். ஒன்றில் கடைகள் மூடி, வீடுகள் காலியாகி, தெருவில் இறங்கவே முதியவர்கள் பயந்தார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு தனியாகச் செத்தார்கள். இன்னொன்றில் கடைத்தெரு கலகலப்பாக இருந்தது, முதியவர்கள் வெளியே வந்தார்கள், அங்கே இறப்பு விகிதம் மிகக் குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் வேலூரிலோ கரூரிலோ தகரக்கூரை வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களை இப்படி ஒருவர் ஆராய்ந்தால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

குறைகளும் உண்டு. சுனாமிக் கரையில் எல்லோரும் கேள்வித்தாளோடு போய்வந்துவிட்டார்கள். மக்கள் பதிலை மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள். அதைவிடச் சங்கடமானது எதிர்பார்ப்பு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு புயலுக்குப் பிறகு என்னோடு வந்த மாணவி கையில் அட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டி உள்ளே போய்க் குடும்ப அட்டை நகலோடு வந்து, "இதையும் சேர்த்துக்கொள் தாயி" என்று நீட்டினார். நாங்கள் கணக்கெடுக்க வந்த அரசு ஆட்கள் அல்ல என்று மூன்று முறை சொன்னோம். அவர் மூன்று முறையும் தலையை ஆட்டிவிட்டு நகலை எங்கள் கையிலேயே விட்டுவிட்டார். அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் விதி, தண்ணீர் வடிந்த ஆறு மாதத்துக்குக் கேள்வித்தாள் கிடையாது என்பது. அந்தச் சமயத்தில் போக ஆசையிருந்தால் சோற்றுப் பொட்டலம் கட்டப் போங்கள். பத்து, இருபது ஆண்டுகள் கழித்துப் போவதில் ஓர் இழப்பும் இல்லை. நிவாரணம் முடிந்து, வாக்குறுதிகள் வெளுத்து, யாருக்கு எது மிஞ்சியது என்று தெரியும் காலம் அது.

மூன்றாவது கதவு பார்க்க எளிது. அதன் முதல் சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த ஆய்வுத் துறைக்கு இருக்கும் 'கம்யூனிட்டி' என்ற சொல்லைத் தமிழில் 'சமூகம்' என்று எழுதிவிடுகிறோம். தமிழ்நாட்டில் ஒருவரிடம் "நீங்கள் எந்தச் சமூகம்?" என்று கேட்டால் அவர் தன் சாதியைச் சொல்வார். 'ஊர்' என்று எழுதலாமே என்றால், பல கிராமங்களில் ஊர் என்றாலே சாதி இந்துக்களின் தெருக்கள்தான். தலித்துகள் இருக்கும் பகுதி காலனி. வசைச்சொல்லாகிவிட்ட அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். பேச்சில் அது போக இன்னும் எத்தனை காலம் ஆகுமோ. எனவே "எங்கள் ஊரில் ஒற்றுமை" என்று தலைப்பு கொண்டுவருபவரிடம் நான் கேட்பது, உங்கள் ஊர் எந்தத் தெருவோடு முடிகிறது என்றுதான். சிலர் அன்றே தலைப்பை மாற்றிவிடுகிறார்கள். சிலர் அந்தக் கேள்வியையே தலைப்பாக்கிக்கொள்கிறார்கள். பின்னவர்கள்தான் நல்ல ஆய்வேடு எழுதுகிறார்கள்.

மாணவர் தன் ஊரை எழுதுவது தாழ்வான வேலை என்ற எண்ணம் எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான் ஆகிய ஊர்களின் ஆய்வுகள் அப்படி எழுதப்பட்டவை. இருபது ஆண்டுகள் கழித்து வேறு ஆட்கள் அதே ஊர்களுக்குப் போனார்கள், அதற்குப் பின்னும் போனார்கள். நூறாண்டுத் தொடர்ச்சி ஒன்று கிடைத்தது, தொடங்கிவைத்தவர்கள் விடுமுறைக்கு வீட்டுக்குப் போன மாணவர்கள்.

ஆனால் இந்தக் கதவின் வழியே போகிறவர்களில் பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கேள்வி இல்லாமல் போவதால் மக்கள்தொகை, கோயில், குளம், பயிர், திருவிழா என்று ஊராட்சி மலர் ஒன்று தயாராகிவிடுகிறது. சொந்த ஊரில் இன்னொரு வம்பும் இருக்கிறது. நீங்கள் அங்கே ஆய்வாளர் கிடையாது, இன்னார் வீட்டுப் பிள்ளை. உங்கள் அப்பாவோடு வரப்புத் தகராறு இருப்பவர் உங்களிடம் நிலத்தைப் பற்றிப் பேச மாட்டார். உங்கள் தெருவுக்கு வர முடியாதவர் தன் திண்ணையில் உங்களை உட்காரவைத்து மரியாதையாக எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' சொல்லி அனுப்பிவிடுவார். அந்த 'ஆமாம்'களைச் சதவீதம் போட்டு அட்டவணையாக்கியவர்களை வாய்மொழித் தேர்வில் பார்த்திருக்கிறேன்.

மூன்றையும் இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் என் முடிவைச் சொல்கிறேன். களமாக ஓர் இடத்தை எடுங்கள், கேள்வியைப் பேரிடரிலிருந்து எடுங்கள், குற்றத்தைத் தேடிப் போகாதீர்கள். அது இருந்தால் தானாக வரும்.

எங்கே என்று கேட்டால், சென்னையில் இருப்பவருக்குப் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய மறுகுடியமர்வுப் பகுதிகளைக் காட்டுவேன். கண்ணகி நகர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கியது. செம்மஞ்சேரியில் சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில் 6,764 வீடுகள் வந்தன. நகரின் கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் இருந்த குடும்பங்கள் அங்கே கொண்டுபோகப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்குப் போயின. வெள்ளத்திலிருந்து காப்பாற்றக் கொண்டுபோன இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம். செம்மஞ்சேரி மழைக்காலத்தில் மூழ்குவது நாளிதழ் படிப்பவர்களுக்குத் தெரியும்.

இங்கே மூன்று கதவும் ஒரே வாசலில் திறக்கின்றன. 1972 பிப்ரவரி 26 அன்று மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் நிலக்கரிக் கழிவு அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். வீடிழந்தவர்களை அரசு தற்காலிக வண்டி வீடுகளில் வைத்தது. யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று பார்க்காமல், காலியான இடத்தில் அடுத்தவரைப் போட்டது. அங்கே போய்ப் பேசிய சமூகவியலாளர் கை எரிக்சன் (Kai Erikson) ஒன்றைக் கவனித்தார். வெள்ளம் தந்த அதிர்ச்சி ஒருவகை, அக்கம்பக்கத்தை இழந்த அதிர்ச்சி இன்னொரு வகை. இரண்டாவது மெதுவாக வந்தது, நீங்காமல் இருந்தது. குடித்தார்கள், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று புலம்பினார்கள், பக்கத்து வண்டியில் இருப்பவனைத் திருடன் என்று சந்தேகித்தார்கள். எல்லோரும் அதே பள்ளத்தாக்கின் ஆட்கள். மாறியது யார் பக்கத்தில் யார் என்பது மட்டும்.

இதைப் படித்துவிட்டு, குலுக்கலில் வீடு ஒதுக்கப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போங்கள். முன்பு ஆற்றங்கரையில் பக்கத்துக் குடிசையில் குழந்தையை விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போன பெண், இப்போது ஆறாம் மாடியில் யார் என்றே தெரியாதவர்களுக்கு நடுவே இருக்கிறார். வேலை இருந்த இடம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால். பையன் பள்ளியை விட்டுவிட்டான். வெளியே போய் முகவரி சொன்னால் வேலை தர யோசிக்கிறார்கள் என்பது இந்தப் பகுதி இளைஞர்களின் பழைய புகார். ஷாவும் மெக்கேயும் வரைபடத்தில் வைத்த புள்ளிகள் எப்படி உருவாகின்றன என்பதை இங்கே கண்ணெதிரே பார்க்கலாம். 'குற்றம் மிகுந்த பகுதி' என்று நாளிதழ் எழுதுவதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், அந்தப் பெயர் எந்த ஆண்டு, யாரால், எதற்குப் பிறகு ஒட்டியது என்று தேடினால் அதுவே ஓர் அத்தியாயம்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. ஏற்கெனவே வழக்கறிஞராகவோ காவல்துறையிலோ இருந்துவிட்டுப் படிக்க வந்தவருக்குக் குற்றமே சரி. அவருக்குக் கிடைக்கும் நுழைவு மற்றவருக்குக் கிடைக்காது. சொந்தக் கிராமத்தில் இரு பக்கத் தெருவிலும் சாப்பிடுகிற உறவு இருப்பவர் அங்கேயே எழுதட்டும், அப்படிப்பட்டவர்கள் அபூர்வம். தஞ்சை, புதுக்கோட்டை மாணவர்கள் சென்னைக்கு வர வேண்டியதும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னந்தோப்புகளில் மரத்துக்குச் சொந்தக்காரருக்கு நிவாரணக் கணக்கு இருந்தது. தேங்காய் உரித்துப் பிழைத்தவருக்கு என்ன கணக்கு என்று கேட்டாலே போதும்.

கேட்பதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் ஒன்று. என் மாணவர் ஒருவர் மறுகுடியமர்வுப் பகுதி ஒன்றில் முதல் நாள் முழுக்க, "இங்கே திருட்டு, அடிதடி உண்டா?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். பதினோரு வீடு, பதினோரு 'இல்லை'. மாலையில் எனக்குத் தொலைபேசியில் சலித்துக்கொண்டார். மறுநாள் கேள்வியை மாற்றச் சொன்னேன். மாடிப்படியில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், "இதற்கு முன் எங்கே இருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். பழைய தெருவில் யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்று தொடங்கி, அந்த அம்மா ஒவ்வொரு வாசலாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தத் தெருவில் பதினேழு வீடு. அவற்றில் இப்போது யார் எந்தப் பிளாக்கில் இருக்கிறார்கள், யார் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை என்பது ஒன்பதாவது வீட்டில் வந்தது. மகன் மீது வழக்கு இருப்பது பதினான்காவது வீட்டில் வந்தது. பதினேழாவது வீட்டுக்கு வருவதற்குள் கடைசி பஸ் போய்விட்டது.